வெறுந் தாங்கியில் இருப்பது

"பெற்றோல் எல்லாம் இறக்கியாச்சு, இனிப் பயமில்லை." வீட்டு முற்றத்தில் காரைத் திருத்த இறங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் வசனம் இது. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறை போலப் பரவைக்கடலை ஒட்டிய ஊர்களில் இந்த வசனத்துக்கு வேலை கொஞ்சம் அதிகம். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது. பழைய காரின் அடியில், தாங்கியின் விளிம்பு மடிப்பில் கறள் பிடித்து, ஒருநாள் காலையில் நிலத்தில் ஈரப்பொட்டு ஒன்று தெரியும். கிட்டப் போனால் மணக்கும். உடனே ஒரு ரியூப்பைத் தேடுவோம், ஒரு கானைத் தேடுவோம், தாங்கியைக் காலி பண்ணுவோம். அதன் பிறகுதான் அந்த வசனம் வரும்.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வசனத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். ஏனென்றால் பயப்பட வேண்டிய கட்டம் அங்கேதான் தொடங்குகிறது. பெற்றோல் நிறைந்த தாங்கியை விட, பெற்றோல் இறக்கிய தாங்கிதான் வெடிக்க ஆயத்தமாக இருக்கிறது.

இதை நம்புவது யாழ்ப்பாணத்தாருக்குக் கொஞ்சம் கஷ்டம். காரணம், மண்ணெண்ணெயோடு நமக்குள்ள நீண்ட பழக்கம். 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியதும் பெற்றோலும் டீசலும் குடாநாட்டுக்கு வராமல் தடுக்கப்பட்டன, மின்சாரமும் போனது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்துச் சோதனை எழுதிய ஒரு தலைமுறை இருக்கிறது. தெருவில் ஒஸ்ரின் ஏ-40களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் லேசில் பற்றாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் பொக்கிஷமாக வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குக் காட்டி ஸ்ராட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். காற்றையும் எரிபொருளையும் அவ்வளவு இறுக்கி அமுக்காத பழைய எஞ்சின்கள் என்பதால் அவை இதைச் சகித்துக்கொண்டன. இன்றைய கார் ஒன்று சகிக்காது.

அந்தச் சில துளி செய்த வேலையை ஒருமுறை யோசியுங்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெயால் முடியாத எதைப் பெற்றோல் செய்தது? ஆவியானது. அவ்வளவுதான். எரிபொருள் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்து, அந்தக் கலவைதான் எரிகிறது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் மிகக் குறைந்த சூட்டைத் தீப்பற்று வெப்பநிலை என்கிறார்கள். மண்ணெண்ணெய்க்கு அது சுமார் 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல். நம் நிழலில் இருக்கும் மண்ணெண்ணெய் கிட்டத்தட்ட எப்போதும் அதற்குக் கீழேதான் இருக்கும். சிந்திய மண்ணெண்ணெயில் நெருப்புக்குச்சி விழுந்து அணைந்துபோனதைப் பார்த்தவர்கள் உண்டு. பெற்றோலுக்கு அந்த எண் பூச்சியத்துக்குக் கீழே சுமார் 40 பாகை. அதாவது யாழ்ப்பாணத்தில் எந்த மாதமும், எந்த நேரமும், மார்கழி விடியற்காலை உட்பட, பெற்றோல் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கிறது.

போகிற போக்கில் ஒன்று. பெற்றோல் கொஞ்சம் கலந்துவிட்ட மண்ணெண்ணெய், பெற்றோலின் குணத்தைத்தான் காட்டும். தாங்கியிலிருந்து இறக்கிய பெற்றோலை மண்ணெண்ணெய்க் கானுக்குள் ஊற்றி வைத்து, பிறகு மறந்து, அதிலிருந்து விளக்குக்கோ அடுப்புக்கோ எடுத்தால் விபரீதம்.

இனித் தாங்கிக்குள் போவோம். பெற்றோல் ஆவி எரிவதற்கு அளவு ஒன்று இருக்கிறது. காற்றில் அது நூற்றுக்கு சுமார் 1.4 பங்குக்குக் குறைவாக இருந்தால் பற்றாது. 7.6 பங்குக்கு மேல் போனாலும் பற்றாது, ஏனென்றால் எரிய வேண்டிய அளவு காற்று அங்கே இல்லை. சொதிக்கு உப்புப் போடுவது போல: குறைந்தாலும் சரிவராது, கூடினாலும் சரிவராது. இடையில் இருக்கும் அந்தச் சிறிய அளவுதான் ஆபத்து.

பெற்றோல் உள்ள மூடிய தாங்கியில், திரவத்துக்கு மேலே இருக்கும் வெளியில் ஆவி எவ்வளவு இருக்கும்? நம் வெயிலில் ஏறக்குறைய பாதி. எரியக்கூடிய எல்லையைத் தாண்டி எங்கோ மேலே நிற்கிறது அது. இன்றைய கார்களில் பெற்றோலை எஞ்சினுக்குத் தள்ளும் மின்பம்பு தாங்கிக்கு உள்ளேயே பெற்றோலில் மூழ்கிக் கிடக்கிறது என்று சொன்னால் பலர் திடுக்கிடுவார்கள். மின்சாரத்தையும் பெற்றோலையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பதா என்று கேட்பார்கள். அடைக்கலாம். அங்கே பெற்றோல் இருக்கிறது, ஆவி இருக்கிறது, எரிவதற்குப் போதுமான காற்றுத்தான் இல்லை.

இப்போது நாம் ரியூப்பைப் போட்டுப் பெற்றோலை இறக்குகிறோம். இறங்குகிற ஒவ்வொரு லீற்றருக்கும் ஈடாக ஒரு லீற்றர் காற்று உள்ளே போகிறது. இவ்வளவு காலமும் அங்கே போதாமல் இருந்த ஒரே பொருளை நம் கையாலேயே கொடுக்கிறோம். மூடியைத் திறந்து விட்டால் இன்னும் தாராளமாகப் போகும்.

கடைசியில் எவ்வளவு பெற்றோல் மிஞ்சினால் ஆபத்து? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 40 லீற்றர் தாங்கி. அதில் நூற்றுக்கு 1.4 பங்கு ஆவி என்றால் அரை லீற்றருக்குச் சற்று மேலே ஆவி வேண்டும். அந்த ஆவியைத் தரப் போதுமான திரவப் பெற்றோல் ஏறத்தாழ இரண்டரை மில்லி லீற்றர், அரைத் தேக்கரண்டி. மேல் எல்லையான 7.6 பங்குக்கு சுமார் 13 மில்லி லீற்றர், இரண்டரைத் தேக்கரண்டி. ஆக, அரைத் தேக்கரண்டிக்கும் இரண்டரைத் தேக்கரண்டிக்கும் இடைப்பட்ட பெற்றோல் ஆவியாகி உள்ளே நிற்கிற தாங்கி, முழுதாக வெடிக்கத் தயாரான தாங்கி. எந்த ரியூப்பாலும் அந்தக் கடைசிக் கரண்டியை எடுக்க முடியாது. பெற்றோல் அலையடிக்காமல் இருக்க உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்திருக்கிறார்கள்; அவற்றின் மூலைகளில் அது நிற்கும். தகடுகள் பொருந்தும் மடிப்பில் ஊறிக் கிடக்கும். கறளுக்குள்ளும், அடியில் பிசின் போலப் படிந்த பழைய அழுக்குக்குள்ளும் ஒளிந்திருக்கும். தாங்கியைக் கவிழ்த்து ஆட்டினால் ஒரு துளியும் விழாது. நாமும் காலி என்று முடிவெடுப்போம்.

"ஒரு கிழமை வெயிலில் திறந்து காயப் போட்டுவிட்டேன்" என்பார் ஒருவர். காய்கிற தாங்கி, ஆவி மிகக் கூடிய நிலையிலிருந்து ஆவி இல்லாத நிலைக்குப் போகிற வழியில், அந்த ஆபத்தான இடைவெளியைக் கடந்துதான் போக வேண்டும். எந்த நாளில், எந்த மணியில் கடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. மூக்கும் இதில் நல்ல சாட்சி இல்லை. வெடிக்கும் அளவுக்கு எத்தனையோ மடங்கு கீழேயே மூக்குப் பெற்றோலை மணந்துவிடும்; ஆகவே மணத்தை வைத்து ஆவி எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றால் பழகிப்போய், இருப்பதையே சொல்லாமல் விட்டுவிடும். சரி, மணமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஓட்டையை ஒட்டும்போது வெல்டிங் சுவாலை பட்டதும் தகடு சூடாகும், மடிப்பில் ஊறியிருந்ததும் பிசினாகப் படிந்ததும் அப்போது ஆவியாகும். நெருப்புத்தான் பக்கத்திலேயே இருக்கிறதே.

காலித் தாங்கியில் பயமில்லை என்ற இந்தப் பிழையான எண்ணம் முற்றத்தோடு நிற்கிற ஒன்றல்ல. 1996 ஜூலை 17 இரவு, நியூயோர்க்கிலிருந்து பாரிஸ் புறப்பட்ட ரி.டபிள்யூ.ஏ. 800 என்ற போயிங் 747 விமானம் கிளம்பிச் சில நிமிடங்களில் வெடித்துக் கடலில் விழுந்தது. 230 பேர் இறந்தார்கள். குண்டு, ஏவுகணை என்று எத்தனையோ கதை கிளம்பியது. கடலுக்கடியிலிருந்து பாகங்களை எடுத்துப் பொருத்தி, 4 வருடம் ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை சொன்ன முடிவு வேறு. இறக்கைகளுக்கு நடுவில் இருந்த எரிபொருள் தாங்கிதான் வெடித்தது. ஏறத்தாழ 49,000 லீற்றர் கொள்ளும் தாங்கி அது. அன்று அதன் அடியில் கிடந்தது சுமார் 190 லீற்றர்தான். பறப்புக்குத் தேவைப்படாததால் நிரப்பவில்லை. விமானம் தரையில் நின்றபோது, கீழே இருந்த குளிரூட்டி இயந்திரங்கள் நெடுநேரம் ஓடி, அந்தத் தாங்கியைச் சூடாக்கிவிட்டன. இன்னொன்றையும் கவனியுங்கள்: விமான எரிபொருள் மண்ணெண்ணெய் வகை. நாம் பயமில்லாமல் கையாளும் அதே இனம், சூடானதும் பெற்றோலைப் போல நடந்துகொண்டது. தீப்பொறி பெரும்பாலும் ஒரு மின்கம்பிக் கோளாறிலிருந்து வந்திருக்கும் என்றார்கள். 2008இல் அமெரிக்கா போட்ட விதியும் இந்தக் கணக்கைத்தான் பின்பற்றியது. பெரிய பயணிகள் விமானங்களின் அப்படியான தாங்கிகளில் ஆவி பற்றும் வாய்ப்பைக் குறைக்க வேண்டும் என்றது; அதற்கு நைதரசனை நிரப்பிக் காற்றின் ஒட்சிசனைக் குறைப்பதுதான் வழக்கமான வழி. ஆவியை முழுக்க அகற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டு, எரிக்கிற வாயுவைக் குறைக்கிறார்கள்.

அனுபவமுள்ள வெல்டிங்காரர் பழைய தாங்கியைக் கழுவிவிட்டு, ஓட்டைக்குச் சற்றுக் கீழ் வரை தண்ணீர் நிரப்பி ஒட்டுவதும் இதற்காகத்தான். ஆவி நிற்பதற்கு இடமே வைப்பதில்லை. அப்படியும் மூடியைத் திறந்து வைத்துத்தான் ஒட்டுவார். வீட்டில் இதை முயல வேண்டாம் என்பது என் கட்சி. ஊசிமுனை ஓட்டை என்றால், இரண்டு பசையைக் கலந்து பூசும் பெற்றோல் தாங்கிக்கான எப்பொக்சி இருக்கிறது. அதற்கு நெருப்பு வேண்டாம். அதைவிடப் பெரிய ஓட்டை என்றால் தாங்கியையே மாற்றுவது மலிவு.

தாங்கியைக் கழற்ற, அல்லது பம்பை மாற்ற, பெற்றோலை இறக்கித்தான் ஆக வேண்டும் என்று வையுங்கள். கசிவு இல்லையென்றால் முதலில் காரை ஓடிப் பெற்றோலைக் குறையுங்கள். பரந்தன் போய் வந்தால் இறக்க வேண்டியது நன்றாகக் குறைந்துவிடும். பிறகு காரை ஆற விடுங்கள். சூடான புகைக்குழாயின் பக்கத்தில் இந்த வேலை கூடாது.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று, நான்கு மடங்கு பாரம். மேலே போகாது, நிலத்தோடு தவழ்ந்து பள்ளத்தைத் தேடும். கார் நிறுத்தும் போர்டிகோ, மூன்று பக்கம் சுவர் உள்ள கொட்டில், அடியில் வெட்டிய குழி எல்லாம் அது தங்குவதற்கு வசதியான இடங்கள். ஒரு லீற்றர் பெற்றோல் முழுதாக ஆவியானால் 200 லீற்றருக்கு மேல் ஆவி வரும். சின்ன அறை ஒன்றின் காற்று முழுவதையும் எரியக்கூடியதாக்க அது போதும். திறந்த முற்றம்தான் சரி. அங்கும் காற்றின் திசையைப் பாருங்கள். கொழும்புத்துறையில் சோளகம் வீசும் மாதங்களில் காற்று கடல் பக்கமிருந்து வீட்டைத் தாண்டிப் போகும். ஆகவே வீட்டுக்குக் கடல்பக்கமாக நின்று இறக்கினால் ஆவி நேரே குசினிக்குத்தான் போகும். மறுபக்கம் போங்கள். சிகரெட்டை அணைப்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மறந்துபோகிறவை வேறு: சாமி அறையில் எரிகிற விளக்கு, கதிரைக்குக் கீழே புகைகிற நுளம்புத்திரி, கிணற்றடியில் தானாகப் போட்டு நிற்பாட்டுகிற தண்ணீர் மோட்டார், பின் விறாந்தையில் இருக்கும் குளிர்சாதனப் பெட்டி. இந்தப் பெட்டியும் மோட்டாரும் போடுகிற தீப்பொறியை நாம் பார்ப்பதே இல்லை. அந்திக்கு முன் வேலையை முடித்துவிடுங்கள். இருட்டினால் யாராவது விளக்கோடு வருவார்கள்.

பற்றறியின் கறுப்பு வயரை, அதாவது மறை முனையை, கழற்றி ஒதுக்குங்கள். பிறகுதான் ரியூப்.

ரியூப்பால் பெற்றோல் ஏறி இறங்குவது மந்திரம் இல்லை. வெளிக்காற்று தாங்கியில் உள்ள பெற்றோலை அழுத்திக்கொண்டிருக்கிறது. ரியூப்பின் வெளி நுனி பெற்றோல் மட்டத்தை விடக் கீழே இருந்து, ரியூப் ஒருமுறை நிறைந்துவிட்டால், கீழே தொங்கும் பக்கத்தின் பாரம் மற்றப் பக்கத்தை இழுத்துக்கொண்டு வரும். அந்த முதல் தடவை நிறைப்பதற்குத்தான் நம்மவர்கள் வாயை வைக்கிறார்கள். பலர் பல தடவை செய்திருக்கலாம். ஒரு தடவை பிசகினால் போதும். வயிற்றுக்குள் போகிற பெற்றோலை விட, புரையேறி நுரையீரலுக்குள் போகிற சில துளி மோசம். அது மெல்லியது, நுரையீரலில் வேகமாகப் பரவி அதைப் புண்ணாக்கிவிடும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எடுக்கும்போதுதான் மறுபடி புரையேறும். அப்படியே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கும் இதே கதைதான்.

வாய்க்கு மாற்று நம் கரையிலேயே இருக்கிறது. வள்ளத்தின் எஞ்சினுக்கும் எண்ணெய்க் கானுக்கும் இடையில் ஓடும் குழாயில் முட்டை வடிவ றப்பர்க் குமிழ் ஒன்று இருக்கும், அம்புக்குறி போட்டது. எஞ்சினை இழுப்பதற்கு முன் மீனவர் அதைக் கையால் நசுக்கி நசுக்கி, அது கல்லுப்போல இறுகும் வரை எண்ணெயை ஏற்றுவார். உள்ளே ஒருவழி வால்வு இருப்பதால் ஏறியது திரும்பாது. கடற்றொழில் சாமான் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, அம்புக்குறி கானைப் பார்க்கும்படி ரியூப்பில் பொருத்தினால் உங்களுக்கும் அதே வேலையைச் செய்யும். இன்னொரு நன்மை: காரின் தாங்கி நிலத்துக்குக் கிட்ட இருப்பதால் கானை அதைவிடக் கீழே வைப்பது கஷ்டம், பெற்றோல் பாதியில் நின்றுவிடும். குமிழை நசுக்கினால் மிச்சத்தையும் இழுக்கும்.

புதுக் கார்களில் ரியூப் உள்ளே இறங்காமல் முட்டி நிற்கும். கார் கவிழ்ந்தால் பெற்றோல் கொட்டாமலும் கள்ளர் உறிஞ்சாமலும் இருக்க வழியில் வால்வோ வலையோ வைத்திருக்கிறார்கள். குத்தி உடைக்காதீர்கள். நம்மூரில் ஓடும் பல யப்பான் கார்களில் பின் சீற்றைத் தூக்கினால் ஒரு வட்டத் தகடு தெரியும். அதற்குக் கீழேதான் பம்பு. அந்த வழியாக இறக்கலாம். ஆனால் பம்பிலிருந்து போகும் குழாயில், எஞ்சின் நின்ற பிறகும் ரயருக்கு அடிக்கிற காற்றை விடக் கூடிய அழுத்தம் நிற்கும். அதைச் சட்டென்று கழற்றினால் பெற்றோல் கண்ணுக்கே பீச்சும். ஆகவே பற்றறியைக் கழற்றுவதற்கும் முன்பே, பம்பின் பியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். குழாயில் உள்ளதைக் குடித்துவிட்டுத் தானாக நிற்கும்.

எதற்குள் இறக்குவது? 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது இந்தக் கேள்விக்கு நாடே தப்பான விடை சொன்னது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் 2022 ஜூனில் 470 ஆனது. ஜூலையில் கியூஆர் அட்டை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்றார்கள். கிடைத்ததைத் தாங்கியிலிருந்து இறக்கிச் சோடாப் போத்தலிலும் தண்ணீர் வாளியிலும் ஊற்றி வைத்தவர்கள் ஏராளம். பிளாஸ்ரிக் ரியூப் வழியே ஓடும் பெற்றோல் நிலைமின்னைச் சேர்க்கும். பிளாஸ்ரிக் பாத்திரம் அதை நிலத்துக்கு விடாது. கடைசியில் அது பொறியாகத் தாவலாம். பெற்றோலுக்கென்று செய்த கான், முடிந்தால் உலோகக் கான், கல்லில் அல்லது மண்ணில் வைத்தது. ரியூப்பின் நுனி கானின் அடியைத் தொட்டபடி, மெதுவாக இறக்குங்கள். விளிம்பு வரை நிரப்ப வேண்டாம், வெயிலில் பெற்றோல் பெருக்கும்.

அடியில் கறளும் தண்ணீரும் கலந்து வருகிற கடைசிப் பெற்றோலை வேலியோரத்தில் ஊற்றுகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. நம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நேரம் எடுக்காது. சுன்னாகத்தில் மின்நிலையப் பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய் சுற்றுவட்டாரக் கிணறுகளில் மிதந்ததையும், 2019இல் உச்ச நீதிமன்றம் அதற்காக இரண்டு கோடி ரூபாய் நட்டஈடு விதித்ததையும் மறந்திருக்க மாட்டோம். அழுக்குப் பெற்றோலை மூடிய கானில் கராஜுக்குக் கொடுத்துவிடுங்கள். நல்லதைக் கண் நெருக்கமான வடியால் வடித்து வையுங்கள்.

திருத்தி முடித்து, தாங்கியைப் பூட்டி, குழாய்களை மாட்டி, பியூஸைப் போட்டு, கடைசியாகப் பற்றறி வயரை இறுக்கியதும், எஞ்சினை உடனே ஸ்ராட் பண்ண வேண்டாம். வடித்த பெற்றோலில் ஐந்து லீற்றர் அளவு ஊற்றி, திறப்பை ஒரு நிலைக்கு மட்டும் திருப்பி, இரண்டு செக்கன் விட்டு நிற்பாட்டுங்கள். பின்பக்கம் பம்பு முனகுகிற சத்தம் கேட்கும். மூன்று, நான்கு தடவை அப்படிச் செய்தால் குழாய் நிறைந்து அழுத்தம் ஏறும். இப்போது இறங்கிப் போய், பூட்டிய ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவி, மணந்து பாருங்கள். காய்ந்திருந்தால் மிச்சத்தை ஊற்றலாம்.